அனுமதிக்கப்பட்ட வெண்மை

அலுவலகக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் சிரிக்க வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் சொல்லப்படவில்லை. சட்டத்தில் சொல்லாத ஒரு விஷயம் தன் பாட்டுக்கு நடமாடிக்கொண்டிருப்பதை எந்த மேலிடமும் பொறுத்துக்கொள்ளாது. ஆகவே பிறப்பு இறப்புச் சான்றிதழ் அலுவலகத்துக்கு வந்துபோகும் பொதுமக்களிடம் மேலிடம் கருத்துக் கேட்டது. ஆயிரம் பேரில் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர், 'கவுண்டரில் யாரும் சிரிப்பதே இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். அதே தாளில் அதற்கு மேல் வரியில், 'மனு கொடுத்து எட்டு மாதம் ஆகிறது' என்றும் எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தப் புகாருக்குத் தாளில் கட்டம் அச்சடிக்கவில்லை. கட்டத்துக்குள் இல்லாததை எப்படி எண்ணுவது? விட்டுவிட்டார்கள்.

சிரிக்காததற்குக் காரணம் கண்டுபிடிக்க ஒரு குழு போடப்பட்டது. குழு மூன்று மாதம் ஆற அமர ஆராய்ந்தது. கவுண்டர் ஊழியர்கள் நாளுக்கு ஐந்து டீ குடிக்கிறார்கள், அதனால் பல் மஞ்சளாகிறது, மஞ்சள் பல்லைக் காட்டக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று கண்டறிந்தது. குழுவில் ஒருவர்கூட எந்த ஊழியரிடமும் பேசவில்லை. பேசினால் ஆராய்ச்சியின் நடுநிலைமை கெட்டுவிடும்.

இப்படியாகப் 'புன்னகை மேம்பாட்டுத் திட்டம்' பிறந்தது. எட்டு கவுண்டர்களில் இருந்த எட்டு பேரின் பல்லையும் அரசாங்கமே வெளுத்துத் தருவது என்று முடிவானது.

மூன்றாம் கவுண்டரில் இருந்தவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு. பதினோரு வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து தேய்த்ததில் அது மறைந்துபோய், அதிகாரியிலிருந்து எதிர்க்கடை டீ மாஸ்டர் வரை எல்லாரும் அவரை 'மூணு' என்றே கூப்பிட்டார்கள். சான்றிதழில் உள்ள பிழையைத் திருத்தக் கேட்டு வரும் மனுக்களை வாங்குவது மூணுவின் வேலை. திருத்துவது அல்ல, வாங்குவது.

மூணுவுக்கு வாழ்க்கையில் வேண்டியது இரண்டே இரண்டு. ஒன்று டீ. இன்னொன்று இடமாறுதல். அவர் மனைவி ஆறு மணி நேர பஸ் தூரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகளும் அங்கேதான் படித்துக்கொண்டிருந்தாள். தனக்கு ஒரு குடும்பம் இருக்கிறது என்பதை மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவரால் உறுதிசெய்துகொள்ள முடிந்தது. நாலு வருஷமாக இடமாறுதல் கேட்டு மனுப் போட்டு, அந்த மனு எங்கே இருக்கிறது என்று கேட்டு இன்னொரு மனுப் போட்டிருந்தார். மற்றவர்கள் மனு எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். தன் மனுவும் அங்கேதான் போயிருக்கும் என்பதை நினைக்கத்தான் மனசு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை பல் டாக்டரம்மா வந்து எட்டு பேருக்கும் பல்லை வெளுத்துவிட்டார். கெட்டிக்காரப் பெண்மணி. வேலை முடிந்ததும் எல்லாரையும் உட்கார வைத்து, எப்படிப் பராமரிப்பது என்று நாலே வார்த்தையில் சொன்னார்.

"இது நிரந்தரம் கிடையாதுங்க. நாளாக ஆகக் கொஞ்சம் நிறம் இறங்கத்தான் செய்யும், அது இயற்கை. முதல் நாற்பத்தெட்டு மணி நேரம் டீ, காபி, கலர் சாப்பாடு வேண்டாம். அப்புறம் டீ குடிக்கலாம், குடிச்சதும் தண்ணியில வாய் கொப்பளிச்சிடுங்க. காலையில ராத்திரியில ரெண்டு வேளை மெதுவா தேய்ங்க, பல் இடுக்கை நூல் விட்டு சுத்தம் பண்ணுங்க. ஆறு மாசத்துக்கு ஒருதடவை கிளினிக்குக்கு வந்து கிளீன் பண்ணிக்கங்க. நிறம் ரொம்ப இறங்கினா, இதோ உங்க பல்லுக்கு அளவெடுத்த அச்சு இருக்கு, இதுல ஜெல் வெச்சு வீட்டுல ரெண்டு மூணு ராத்திரி போட்டுக்கலாம். அதுக்கு மேல போடாதீங்க, பல் கூசும்."

தலைமை எழுத்தர் பேனாவை மூடாமல் காத்திருந்தார். "அவ்வளவுதானா மேடம்?"

"அவ்வளவுதான் சார்."

ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும் விஷயம் அலுவலகத்துக்கு எப்படிச் சரிப்பட்டு வரும்? தலைமை எழுத்தர் பத்து நாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, அதை நாற்பத்திரண்டு பக்கச் சுற்றறிக்கையாக்கி வெளியே கொண்டுவந்தார். மனுஷர் கெட்டவர் அல்ல. எதையும் சந்தேகமில்லாமல் செய்ய வேண்டும் என்று நினைப்பவர். உலகத்தில் பாதி அக்கிரமம் இப்படிப்பட்ட நல்லவர்களால்தான் நடக்கிறது.

முதல் சந்தேகம் அந்த நாற்பத்தெட்டு மணி நேரத்தில் வந்தது. அது நாள் முழுக்க ஓடும் மணி நேரமா, அலுவலக மணி நேரமா? அலுவலகத்துக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம். அப்படிப் பார்த்தால் ஆறு வேலைநாள். சாப்பாட்டு இடைவேளையைக் கழித்தால் ஏழு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் சாப்பாட்டு இடைவேளையில்தானே சாப்பிடுகிறார்கள், அதைக் கழித்தால் தடை எதற்கு? விளக்கம் கேட்டு மேலிடத்துக்கு எழுதப்பட்டது. விளக்கம் வரும்வரை வெள்ளைச் சாப்பாடு மட்டும் என்று உத்தரவு. எட்டு பேரும் தலைமை எழுத்தர் கண்ணில் படும்படி வெறும் சோறு, பால், முட்டையின் வெள்ளைக்கரு, காலிஃபிளவர் என்று காலம் தள்ளினார்கள். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'எது பொருந்துமோ அது.'

இரண்டாவது சந்தேகம் இன்னும் ஆழமானது. வீட்டுப் பராமரிப்பை வீட்டில் செய்தால் அதற்குச் சாட்சி யார்? மனைவி சாட்சி சொன்னால் செல்லாது, நெருங்கிய உறவு. ஆகவே வீட்டுப் பராமரிப்பு அலுவலகத்தில், காலை பதினொன்று முதல் பன்னிரண்டு வரை, தலைமை எழுத்தர் முன்னிலையில் நடைபெறும். கிளினிக்கில் செய்ய வேண்டிய பராமரிப்புக்கு விடுப்புத் தர விதியில் இடமில்லை. ஆகவே அதை ஊழியர்கள் தத்தம் வீட்டில் செய்துகொள்ளவும்.

"வீட்டுல எப்படி சார் டாக்டர் வேலையைச் செய்யறது?" என்று முதல் கவுண்டர் அம்மா கேட்டார்.

"முப்பத்தோராம் பக்கம் பாருங்க மேடம். 'இயன்றவரை' னு போட்டிருக்கேன்."

மூன்றாவதாக, பல்லின் நிறத்தைச் சரிபார்க்க ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. டாக்டரம்மாவிடம் பீங்கானில் செய்த குட்டிக் குட்டிப் பற்கள் வரிசையாகக் கோத்த பட்டை ஒன்று இருந்தது. அதைப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் நிறம் பார்ப்பார்.

"அது என் தொழில் சாமான், தர முடியாது. வேணும்னா படம் எடுத்துக்கங்க," என்றார். "நிறம் பார்க்கும்போது நல்ல பகல் வெளிச்சத்துல பாருங்க."

படம் எடுத்தார்கள். அதில் ஒரே ஒரு பல்லை மட்டும் பெரிதாக்கி, கலரில் அச்சடித்து, அட்டையில் ஒட்டினார்கள். அடியில் 'அனுமதிக்கப்பட்ட வெண்மை' என்று எழுதி, அதிகாரி கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். டாக்டரம்மா சொன்னபடியே நல்ல பகல் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து, மேற்குப் பக்க ஜன்னலோரம் ஆணி அடித்து மாட்டினார்கள். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை வெயில் அந்த அட்டைமேல் நேராக விழும்.

மூணு இதையெல்லாம் சட்டை செய்யாமல்தான் இருந்தார், நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் படிக்கும் வரை. அங்கே கடைசி வரியில், 'ஆறு மாதம் தொடர்ந்து அனுமதிக்கப்பட்ட வெண்மையைப் பேணுவோரின் இடமாறுதல் கோரிக்கை முன்னுரிமை அடிப்படையில் பரிசீலிக்கப்படும்' என்று இருந்தது. அந்த வரியை மூன்று தரம் படித்தார். எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து நாலாம் தரம் படித்தார்.

அன்று மாலை டீ மாஸ்டர் வழக்கம்போல் கிளாஸை நீட்டினார்.

"வேண்டாம்ணே," என்றார் மூணு.

"ஏன், கசக்குதா?"

"ஆறு மாசத்துக்கு வேண்டாம்."

மாஸ்டர் அடுப்பைக் குறைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். "வீட்டுல எல்லாரும் சௌக்கியம்தானே?"

ராத்திரி போனில் மனைவியும் அதையே கேட்டாள். "டீ இல்லாம நீங்களா? ஜுரம் கிரம் இருக்கா, தொட்டுப் பாருங்க."

"ஒண்ணும் இல்ல. ஆறே மாசம். அப்புறம் உன் கையால தினம் குடிக்கப் போறேன்."

"நான் என்ன உங்க பல்லைப் பார்த்தா கல்யாணம் பண்ணிக்கிட்டேன்?" என்றாள். பிறகு, "வந்துட்டா நல்லாத்தான் இருக்கும்," என்று மெதுவாகச் சொன்னாள். பின்னாலிருந்து மகள், "அப்பா வர்றதா இருந்தா இந்த ரூம் எனக்குத்தான்னு இப்பவே சொல்லிடும்மா," என்று கத்தியது மூணுவுக்குத் தேனாக இனித்தது. தேனும் மஞ்சள்தான். ஆறு மாதத்துக்கு அதையும் தொடவில்லை.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த எட்டு பேரில் சுற்றறிக்கையை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தவர் மூணு ஒருவர்தான். முதல் கவுண்டர் அம்மா பழைய கோப்பு அறையில் பிளாஸ்க் வைத்திருந்தார். ஐந்தாம் கவுண்டர்காரர் உறிஞ்சுகுழல் போட்டுக் குடித்தால் பல்லில் படாது என்று நம்பி, மற்றவர்கள் குடிப்பதைவிட இரண்டு டீ கூடவே குடித்தார். மூணு மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, காலை ராத்திரி மெதுவாகத் தேய்த்து, நூல் விட்டு, சொந்த விடுப்பில் கிளினிக்குக்குப் போய்ச் சுத்தம் செய்துகொண்டு, கண்ணும் கருத்துமாக இருந்தார்.

இதற்கு நடுவில் பொதுமக்கள் என்று ஒரு கூட்டம் வந்துகொண்டே இருந்தது. அதில் லாண்டரிக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா. அவர் மகளின் பிறப்புச் சான்றிதழில் 'ஆண்' என்று பதிந்திருந்தது. அதைப் 'பெண்' என்று திருத்தினால்தான் நர்ஸ் பயிற்சியில் சேர்ப்பார்களாம். முதல் தடவை அவர் வந்தபோது மணி பதினொன்றேகால். மூணு வாயில் அச்சு மாட்டியிருந்தார்.

"சார், இந்தப் படிவம்..."

"ம்ம்ழ ழ்ழ," என்றார் மூணு, சிரித்த முகத்தோடு.

"பல் வலியா சார்?"

மூணு ஒரு துண்டுத்தாளில், 'பராமரிப்பு நேரம். பன்னிரண்டுக்கு மேல் வரவும்' என்று எழுதிக் காட்டினார். பன்னிரண்டுக்கு மேல் வந்தபோது, மனுவில் போட்டோ ஒட்டவில்லை என்றார். போட்டோ ஒட்டி வந்தபோது அச்சு நேரம். இப்படியே ஆறு தடவை. ஆனால் ஒவ்வொரு தடவையும் மூணு பளிச்சென்று சிரித்தார். திட்டம் அந்த அளவில் வெற்றி.

ஆறு மாதம் முடிந்தது. நிறப் பரிசோதனை மாலை நாலு மணிக்கு என்று அறிவித்தார்கள். அதிகாரி பூதக்கண்ணாடியோடு ஜன்னலோரம் நின்றார். ஊழியர்கள் ஒவ்வொருவராக அட்டைக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய் ஈ என்று காட்டினார்கள். முதல் கவுண்டர் அம்மா, சரி. இரண்டு, சரி. மூணு முன்னால் வந்தார். அதிகாரி பல்லைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பல்லைப் பார்த்தார்.

"பொருந்தலையே," என்றார்.

"ஐயா?"

"உங்க பல்லு அட்டையைவிட வெள்ளையா இருக்கு."

மூணு அட்டையைத் திரும்பிப் பார்த்தார். ஆறு மாத வெயிலில் அட்டை வெந்து, அதிலிருந்த பல் பழுத்த பப்பாளியின் தோல் நிறத்துக்கு வந்திருந்தது. ஐந்தாம் கவுண்டர்காரர் பின்னாலேயே வந்து ஈ காட்டினார். அச்சு அசலாகப் பொருந்தியது.

"ஐயா, அட்டை மஞ்சளாயிடுச்சுங்க."

தலைமை எழுத்தர் குறுக்கே வந்தார். "அட்டையில அதிகாரி கையெழுத்து இருக்கு. உங்க பல்லுல கையெழுத்து இருக்கா?"

மூணு இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

ஏழாவது தடவையாக மனுவோடு வந்திருந்த லாண்டரி அம்மா கவுண்டருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். "நான் முப்பது வருஷமா வெள்ளைத்துணி பார்க்கறேங்க. அட்டைதான் வெயில்ல வீணாப் போயிருக்கு. அந்த சார் பல்லு நல்லா இருக்கு."

"அம்மா, இது துறை விஷயம்," என்றார் தலைமை எழுத்தர். "நீங்க துணியைப் பாருங்க."

மூணு அரைநாள் விடுப்புப் போட்டு டாக்டரம்மாவிடம் ஓடினார். அவர் பீங்கான் பட்டையை வைத்துப் பார்த்து, 'இவர் பல் மிகச் சரியான நிறத்தில், ஆரோக்கியமாக இருக்கிறது' என்று கடிதமே எழுதிக் கொடுத்தார். கடிதம் நிராகரிக்கப்பட்டது. பல் டாக்டர் பல்லைப் பற்றிச் சொல்லலாம். அட்டையைப் பற்றிச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. அதோடு போகாமல், அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் வெண்மை எங்கிருந்து வந்தது, தனியாரிடம் பெற்றதா, வேறு வழியிலா என்று விளக்கம் கேட்டு மூணுவுக்குக் குறிப்பாணையும் வந்தது. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான்.

"பல்லு பொருந்தினாத்தான் உங்க இடமாறுதல் கோப்பு நகரும்," என்றார் தலைமை எழுத்தர், அவரைத் தனியாகக் கூப்பிட்டு. குரலில் உண்மையான அக்கறை இருந்தது. "பதினாலு நாள் தர்றேன். தினம் ஆறு டீ, என் முன்னாடி. குடிச்சதும் வாய் கொப்பளிக்கக் கூடாது. கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடும்."

"டீ குடிச்சா பல்லு கெடும்னுதானே சார் இந்தத் திட்டமே வந்தது?"

"அது போன பரிசோதனைக்கு. இது இந்தப் பரிசோதனைக்கு."

அப்படியாக மூணு டீ குடித்தார். ஆறு மாதம் கனவில் கண்டு ஏங்கிய டீ. உத்தரவாக வந்ததும் அது கஷாயமாகக் கசந்தது. டீ மாஸ்டர் தாமே கெட்டிச் சாயமாகப் போட்டுக் கொண்டுவந்து, "உங்களுக்காகக் கூட ரெண்டு கரண்டி தூள் போட்டிருக்கேன். குடும்பத்தோட சேரணும்ல," என்று ஊக்கம் கொடுத்தார். பதினாலாம் நாள் மூணு ஜன்னலோரம் போய் ஈ என்று காட்டினார். அதிகாரி பூதக்கண்ணாடியை இறக்கினார். "இதுதான் வெண்மை," என்றார்.

அடுத்த வாரமே இடமாறுதல் உத்தரவு வந்தது. மனைவி இருக்கும் ஊர், அதே கவுண்டர் வேலை. போனில் செய்தி சொன்னபோது மனைவி அழுதுவிட்டாள். மகள், "ரூம் விஷயம் ஞாபகம் இருக்கட்டும்," என்றாள். கிளம்பும் நாள் மாலை ஐந்து மணிக்கு பஸ். விடுவிப்பு உத்தரவு தலைமை எழுத்தர் கையில். கடைசி நாளில் மூன்றாம் கவுண்டரில் எந்த முறைகேடும் நடக்கவில்லை என்று உறுதியானதும் தருவார். உறுதி செய்துகொள்ள, மூணுவின் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

மூன்றரை மணிக்கு லாண்டரி அம்மா வந்தார். எட்டாவது தடவை. மனு சரியாக இருந்தது. போட்டோ ஒட்டி, போன தடவையே அதன்மேல் அலுவலக முத்திரையும் விழுந்திருந்தது. இன்னும் பதினைந்து நாளில் மகள் பயிற்சியில் சேர வேண்டும் என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பற்கள் பளீரென்று இருந்தன.

"என்னம்மா இது?" என்றார் மூணு.

"நானும் அந்த டாக்டரம்மாகிட்ட பண்ணிக்கிட்டேன் சார்." அந்த அம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. "ஏழு தடவை திருப்பி அனுப்பினீங்க. இங்க எல்லாம் பல்லாலதான் நடக்குதுன்னு பார்த்தேன். ஒருவேளை என் மூஞ்சியிலதான் குறையோன்னு..."

மூணு மனுவை எடுத்தார். ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து. பெண்ணைப் பெண் என்று சொல்லும் மனுவை வாங்கிக்கொள்ள அரை நிமிஷம் போதும். முத்திரையைக் கையில் எடுத்தும்விட்டார். பின்னால் தலைமை எழுத்தர் தொண்டையைச் செருமினார். மூணு போட்டோவைப் பார்த்தார். போட்டோவில் அந்த அம்மா பழைய பல்லோடு சிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து ஆளைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அம்மா, போட்டோல இருக்கற பல்லும் நேர்ல இருக்கற பல்லும் பொருந்தலையே."

"அதே ஆள்தான் சார் நான்."

"எனக்குத் தெரியும். ஆனா போட்டோவுல எங்க முத்திரை இருக்கும்மா." தன் வாயிலிருந்துதான் வருகிறதா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. வார்த்தை மட்டும் தட்டுத்தடங்கல் இல்லாமல் வந்தது. "உங்க பல்லுல முத்திரை இருக்கா?"

லாண்டரி அம்மா கோபப்படவில்லை. அழவும் இல்லை. கொஞ்ச நேரம் மூணுவின் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க பல்லு இப்படி மஞ்சளாக எத்தனை நாள் சார் ஆச்சு?" என்று கேட்டார்.

"பதினாலு. தினம் ஆறு டீ. வாய் கொப்பளிக்காதீங்க."

"அப்ப ஒரு நாள் மிச்சம் இருக்கு," என்று சொல்லிவிட்டு, மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அந்த அம்மா நேரே எதிர் டீக்கடைக்குப் போனார்.

வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவர் தன் மனுவிலிருந்த போட்டோவைப் பார்த்தார். பல்லை நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்தார். அவரும் கிளம்பினார். அவருக்குப் பின்னால் நின்ற தம்பதி ஒருவர் பல்லை ஒருவர் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் போனார்கள், கணவன் டீக்கடைக்கும் மனைவி பல் டாக்டரிடமும். ஒருத்தராவது, 'இது என்னய்யா அக்கிரமம்' என்று கேட்கவேண்டுமே? வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் ஜனங்கள், மஞ்சளானதெல்லாம் சட்டம் என்று நம்ப எவ்வளவு நேரம் ஆகும்? கால் மணி நேரத்தில் கூடம் காலி.

தலைமை எழுத்தர் அன்றைய அறிக்கையில், 'மூன்றாம் கவுண்டர். காத்திருப்போர்: யாருமில்லை. குறைகள்: இல்லை' என்று எழுதினார். அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஓர் அறிக்கை போனதில்லை. அந்த வருஷச் சிறந்த சேவைக் கேடயம் அந்த அலுவலகத்துக்குத்தான் கிடைத்தது.

மூணு விடுவிப்பு உத்தரவை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். டீக்கடையில் உட்கார இடமில்லை. கூட்டத்துக்கு நடுவில் லாண்டரி அம்மா மூன்றாவது கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். மூணுவுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.